புல்லின் உயரம்

மிராதுன் ஊரில் துமாஷ் டெருங்ஸ் எழுப்பாத வீடு குறைவு. ஆனால் அவன் எழுப்பிய எந்த வீட்டிலும் யாரும் குடியிருந்ததில்லை.

அவன் தொழில் கழி நடுவது. மலையில் யார் எதைக் கட்ட நினைத்தாலும், முதலில் அந்தக் கட்டடத்தின் மூலைகளில் நீளக் கழிகளை நட்டு, கூரை எந்த உயரத்தில் எந்தச் சாய்வில் வரப்போகிறது என்று சட்டம் அடித்துக் காட்டியாக வேண்டும். அந்தக் காற்று வீடு சில வாரங்கள் நிற்கும். என் ஜன்னலை மறைக்கிறது, என் வெயிலைத் தின்கிறது என்று சொல்ல நினைப்பவர்கள் அதற்குள் ஊராட்சிக்கு எழுத வேண்டும். அப்புறம் துமாஷ் கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான், கொத்தனார்கள் வருவார்கள்.

வாலிபத்தில் அவனுக்கு வேறு வேலை இருந்தது. பனிச்சறுக்குக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பிவண்டியின் கோபுரங்களில் ஏறி உருளைகளுக்கு மசகு போடுவான். ஒரு வசந்தத்தில் பனி உருகிய ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு கோணலாகக் கூடியது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவனிடம் பொறுமை இல்லை. ஏறிச் செய்யும் வேலைக்கு இடுப்பு இல்லை. நடுவில் அகப்பட்டது கழி.

அதில் தந்திரங்கள் உண்டு. நவம்பர் மூடுபனியில் கழி நட்டால் யாரும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். வெளுத்த சாம்பல் நிறக் கழி வானத்தோடு கலந்துவிடும். உச்சியை ஒரு கை குறைத்து வைத்தாலும் கேட்பாரில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் எல்லாம் இப்படித்தான். துமாஷ் மட்டும் நல்ல வெளிச்சமான நாளாகப் பார்த்து நடுவான். முனைகளுக்குச் சிவப்புச் சாயம் அடிப்பான். 'துமாஷ் நட்டதா? அப்போ அளக்க வேணாம்' என்பது ஊரில் ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது. ஒரு மனிதனைப் பற்றி ஊர் இப்படிச் சொல்லத் தொடங்குவது அவனுக்கு நல்லதா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

மிராதுனைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள், கறுப்புச் சட்டை போட்ட பேராசிரியர்கள். பால்பண்ணை, மாட்டுக்கொட்டில், ஊர் மண்டபம் எல்லாம் கடந்த முப்பது வருடங்களுக்குள் எழுந்தவை. ஆனாலும் லார்ச் மரப் பலகைகள் வெயிலில் வெள்ளிபோல் வெளுத்து, பின்சுவர் கான்கிரீட் பாறையோடு பாறையாகி, மலையே தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் மடிந்துகொண்டதுபோல நின்றன. வந்தவர்கள் 'இசைவு' என்றார்கள். ஒருமுறை ஒரு பெண் துமாஷின் கழிகளைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்துவிட்டு, இந்தச் சிற்பத்தைச் செய்த கலைஞர் யார் என்று அவனிடமே கேட்டாள். "செத்துட்டான்" என்றான் துமாஷ். அவன் மனைவி பார்லா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்தாள்.

இசைவு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலை எதற்கும் இசைந்து கொடுப்பதில்லை. வீடுதான் தணிய வேண்டும், நிறம் மாற வேண்டும், முதுகைக் காட்ட வேண்டும். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் வீடு மலைக்கு இசைந்ததா என்று கேட்கிறவர்கள், உள்ளே இருப்பவரின் முழங்காலுக்கு இசைந்ததா என்று கேட்பதில்லை.

பார்லா மஞ்சள் தபால் பஸ்ஸை அந்த மலைப்பாதையில் ஓட்டியவள். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் அடிக்கும் மூன்று சுர ஹாரனைக் கேட்டு ஊரில் உலை வைப்பார்கள். பனி கொட்டும் நாளில் பயணிகள் பயந்தால், "கண்ண மூடிக்குங்க, நானும் மூடிக்கிட்டுதான் ஓட்டறேன்" என்பாள். ஐம்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் அவள் வலது கால் பிரேக்கை விட்டு வர மறுத்தது. நரம்பு நோய் என்றார்கள். கால்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும், திரும்பி வராது என்றார்கள். பார்லா அன்றே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் இருந்த வீடு மூன்று அடுக்கு மரவீடு. சமையலறை ஒரு அடுக்கில், படுக்கை இன்னொன்றில், கழிப்பறை இரண்டுக்கும் இடையே. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. நடுவில் ஒரு திருப்பம் வேறு. படியேற்றும் இயந்திரம் விற்பவன் வந்து பார்த்தான். காபியைக் குடித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனான். தரையோடு தரையாகப் படுக்கையறை உள்ள வீடுகளும் ஊரில் இருந்தன. அவை வெளியூர்க்காரர்களுடையவை, கோடையில் மட்டும் ஜன்னல் திறப்பவை.

எனவே துமாஷ் அவளை முதுகில் சுமந்தான். ஒரு கையால் கைப்பிடிக் கயிறு, மறு கையால் அவள் தொடை. கோணல் இடுப்பு ஒவ்வொரு படியிலும் முனகும்.

"நேரா போடா, என் பஸ் இதவிட நல்லாப் போகும்" என்பாள் பார்லா காதருகில்.

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கு."

ஒருநாள் திருப்பத்தில் அவன் கால் வழுக்கியது. இருவரும் விழவில்லை, சுவரோடு சாய்ந்து அப்படியே நின்றார்கள். அன்று யாரும் வேடிக்கை பேசவில்லை. கீழே நகரத்தில் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெண் வந்து, அடுத்த தடவை நிஜமாகவே விழுந்தால் இரண்டு பேரும்தான் வர வேண்டியிருக்கும் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பார்லாவின் அப்பா விட்டுப்போன ஒரு புல்வெளித் துண்டு ஊரோரம் இருந்தது. கட்டட நிலம் என்றே பதிவாகியிருந்தது. அங்கே ஒரு வீடு வரைந்து தருகிறேன் என்று ஃப்ளுரினா தானாகவே வந்தாள். ஊர்ப் பால்பண்ணையை வரைந்த கட்டடக் கலைஞர் அவள்தான். சிறுமியாக இருந்தபோது பார்லாவின் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள்.

"அத்த, என்ன வேணும் சொல்லு."

"வாசப்படி வேணாம்."

"சரி."

"மாடி வேணாம்."

"அதான் தெரியுமே. வேற?"

பார்லா யோசித்தாள். "படுத்துக்கிட்டே மூணாவது வளைவு தெரியணும். எவன் எப்படித் திருப்பறான்னு நான் பாக்கணும்."

ஃப்ளுரினா வரைந்ததில் அந்த வளைவு தெரிந்தது. படுக்கையின் உயரத்துக்கே தாழ்ந்த நீள ஜன்னல். மேட்டை முதுகாக வைத்துச் சரிவுக்குள் பாதி புதைந்த ஒற்றைத் தளம். உள்ளே எங்கும் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மரக் கைப்பிடி சுவரோடு ஓடியது, பிடித்துக்கொண்டு நகர. கூரை மேல் மண். மண் மேல் அதே புல். மேலேயிருந்து பார்த்தால் புல்வெளி ஒரு நொடி கூட நிற்காமல் வீட்டின் மேல் ஏறி இறங்கிப் போகும். நல்ல வேலைப்பாடு. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அது மலைக்கும் முழங்காலுக்கும் ஒருசேர இடம் கொடுத்தது, அது அபூர்வம்.

ஊராட்சித் தலைவன் விஜெலி வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடைக்குள்ள முடிச்சிடுங்க" என்றான். துமாஷோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தலைவர் வேலை போக மிச்ச நேரத்தில் மாடு வளர்ப்பான், அல்லது மாடு போக மிச்ச நேரத்தில் தலைவர். "மாநில அரசு குடையுது. தேவைக்கு மேல கட்டட நெலம் வெச்சிருக்கற ஊரெல்லாம் ஓரத்து நெலத்த மேய்ச்சலுக்கே திருப்பிக் குடுக்கணுமாம். அனுமதி கையில இருந்தா எவனும் தொட முடியாது. இல்லன்னா புல்லுதான்."

ஜூன் தொடக்கத்தில், தெளிவான ஒரு காலையில் துமாஷ் கழிகளோடு போனான். பார்லாவை வண்டியில் ஏற்றி வந்து, சாலையோரம் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தான். தன் வீட்டுக்குக் கழி நடுவது அவனுக்கு அதுவே முதல் தடவை. மூலைக் கழிகள் நின்றன. கம்பி இழுத்துக் கட்டினான். சட்டம் அடித்தான். பிறகு சட்டத்துக்கு மேல் இன்னொரு சட்டம் அடிக்கத் தொடங்கினான்.

"என்னது அது? வீட்டுக்குத் தொப்பியா?" என்று பார்லா கீழேயிருந்து கத்தினாள்.

"புல்லு."

"என்ன புல்லு?"

"கூரை மேல புல்லு வளரும்ல. அறுக்கறதுக்கு முன்னால முழங்கால் உயரம் நிக்கும். மேல ஏப்லி வீட்டு ஜன்னல்லருந்து பாத்தா அதானே தெரியும்?"

"புல்லுக்கெல்லாமா அனுமதி கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க. ஆனா நிக்கும்ல."

பார்லா ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டாள். "ஃப்ளுரினாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கயேன்."

"படம் அவ வேல. கழி என் வேல."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் மலைச்சரிவில் சிவப்பு முனைகளோடு, தங்கள் வீடு எல்லாப் பக்கமும் திறந்து நிற்பதைப் பார்த்தபோது, முழங்கால் உயரம் கூடினால் என்ன என்றுதான் அவளுக்கும் தோன்றியது. கழி பொய் சொல்லாது என்று வாழ்நாள் முழுக்க நடந்தவன், தன் விஷயத்தில் அந்த நேர்மையை ஒரு பிடி கூட்டிப் போட்டான். சொந்த வீட்டுக்கு ஒருவன் சலுகை எடுத்துக்கொண்டான் என்ற பேச்சு வரக்கூடாது. அந்தப் பயம்தான் புல்லின் வேடத்தில் வந்தது.

கெடு முடிவதற்குச் சற்று முன் ஆட்சேபம் வந்தது. எழுதியவர் மேட்டு வீட்டு ஏப்லி, நகரத்தில் கண் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். விஜெலி சாணி மணத்தோடு சமையலறைக்குள் வந்தான்.

"கெட்ட சேதிய தலைவரா வந்து சொல்லணுமா, மாட்டுக்காரனா வந்து சொல்லணுமான்னு யோசிச்சேன். இப்படியே வந்துட்டேன்."

"எவனா வந்தாலும் பூட்ஸக் கழட்டு" என்றாள் பார்லா.

அவன் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். "சர்ச்சுலருந்து மேடு வரைக்கும் சரிவு ஒரே கோடா எறங்குதுல்ல, அத உங்க வீடு ஒடைக்குதுன்னு எழுதியிருக்காரு. நான் நம்பல. ஃப்ளுரினா வரைஞ்சது கோட்டுக்குக் கீழதானே நிக்குது? போய் அளந்தேன். துமாஷ், படத்துல ஒரு உயரம், கழில ஒரு உயரம். ஆயுசு பூரா ஒரு வெரல் பிசகாதவன், சொந்த வீட்டுக்குன்னு வந்து ஒரு முழம் பிசகிட்டியேடா!"

"பிசகல. அது புல்லு."

விஜெலி சிரித்தான். துமாஷின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "புல்லா?"

"அவன் புல்லுக்கும் சேத்துக் கழி நட்டான்" என்றாள் பார்லா. "நீயே சொல்லு, ஒலகத்துல எவனாவது செய்வானா?"

துமாஷ் எழுந்தான். "இப்பவே போய் மேல் சட்டத்த எடுத்துடறேன்."

"எடு. ஆனா ஊருக்கு விளம்பரம் பண்ணது இந்தக் கழியோட. கழியும் படமும் வேற வேறன்னா அது செல்லாது. மொதல்லருந்து எல்லாம் திரும்பப் பண்ணணும்."

"கொறச்சா காட்டினேன்? கூடத்தானே காட்டினேன்?"

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"நீ அளக்கவே போகலன்னு வெச்சுக்கோயேன்" என்றாள் பார்லா மெதுவாக. அவள் யாரிடமும் எதையும் இந்தக் குரலில் கேட்டதில்லை.

விஜெலி மேசையில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கை நகத்தால் சுரண்டினான். "அளந்தத எழுதிட்டேன் பார்லா. ஏப்லியும் எழுதிட்டாரு. வேற எவன் நட்டிருந்தாலும் ஆரம்பத்துலயே போய் அளந்திருப்பேன், அன்னிக்கே திருத்தியிருக்கலாம். துமாஷ் நட்டதுன்னு நான் திரும்பிக்கூடப் பாக்கல."

புதிய மனு போனது. ஃப்ளுரினா வேறொரு நாட்டில் வேலையை விட்டு ஓடி வந்தாள். துமாஷைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உயரம் குறைந்த கழிகளோடு மறுபடி விளம்பரம் செய்வதற்குள் அலுவலகத்தின் கோடை விடுமுறை, பிறகு மனுவில் ஏதோ குறை என்று ஒரு கடிதம், அதற்கொரு பதில். இலையுதிர்காலத்தின் முதல் பனி மேட்டில் விழுந்த வாரம், ஊராட்சி கூடி ஓர நிலங்கள் அனைத்திலும் புது அனுமதிகளை நிறுத்தி வைத்தது. கை தூக்கியவர்களில் விஜெலியும் ஒருவன். தூக்காவிட்டால் மாநில அரசு தானே செய்யும், அதுவும் இன்னும் பெரிய துண்டாக எடுக்கும். இதில் யார்மீது கோபப்படுவது என்று துமாஷ் வெகுநாள் தேடினான். ஒரு ஆள் அகப்பட்டிருந்தால் இரவில் தூங்கியிருப்பான்.

ஏப்லி வந்தார். கையில் வால்நட் கேக். அந்தக் கேக்கை அந்த மலைக்காரர்கள்தான் நகரத்துக்கு எடுத்துப்போய்க் கொடுப்பது வழக்கம்.

"திருமதி டெருங்ஸ், எனக்கு இப்பதான் விவரம் தெரிஞ்சுது. அந்தக் கூடுதல் உயரம் புல்லுக்காகன்னு யாரும் சொல்லல. என் ஆட்சேபத்த வாபஸ் வாங்கிட்டேன்."

"வாங்கிட்டீங்களா" என்றாள் பார்லா. "இனி அத வெச்சு என்ன பண்றது?"

அவர் கேக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "நான் இங்க வீடு கட்டினப்ப அந்தக் கோட்டத் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க. நானும் ரெண்டு மீட்டர் மண்ணுக்குள்ள எறக்கினேன். எனக்குச் சொன்னத இன்னொருத்தருக்கும் சொல்லணும்னுதான்... தப்பா நெனச்சுட்டேன்."

"நீங்க தப்பு எதுவும் பண்ணல" என்றான் துமாஷ். அவன் மனதாரத்தான் சொன்னான். ஏப்லி வீட்டுக்குக் கழி நட்டவன் அவன்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே அதை நிறுத்த எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஏப்லி போனபின் பார்லா கேக்கை வெட்டினாள். இருவரும் தின்றார்கள். நல்ல கேக்.

டிசம்பரில் அவர்கள் விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் துமாஷால் அவளைத் தூக்க முடியவில்லை. அவளால் எழ முடியவில்லை. விஜெலி பால் கறந்துவிட்டு அவ்வழியே வரும்வரை இருவரும் படித் திருப்பத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பார்லா இல்லத்துக்குப் போவதென்று அன்றே முடிவாயிற்று.

இல்லத்துக்குப் போகும் நாளில் பார்லா புல்வெளிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கழிகள் இன்னும் நின்றன. துமாஷ் பனியை மிதித்து வழி செய்து, அவளைச் சுமந்துபோய், படுக்கையறை வரவேண்டிய இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தான். மூன்றாவது வளைவு தெரிந்தது. தபால் பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"ரொம்ப அகலமாத் திருப்பறான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "காத்து வருது. ஜன்னலச் சாத்து" என்றாள்.

துமாஷுக்குச் சிரிக்க வரவில்லை. கையை நீட்டி, இல்லாத ஜன்னலைச் சாத்தினான்.

மனு முடிந்துபோனால் கழிகளை மனுதாரர் அகற்ற வேண்டும். வசந்தத்தில் துமாஷ் பிடுங்கினான். முனைச் சாயம் வெளிறியிருந்தது; மறுபடி அடித்தான். அதே கழிகள் இரண்டு ஊர் தள்ளி ஒரு கார்க் கொட்டகைக்குப் போயின. அந்த ஊர்க்காரன் அளவுகோலை எடுத்து வந்து ஒவ்வொரு மூலையையும் அளந்தான். துமாஷ் தள்ளி நின்றான்.

இல்லத்தில் பார்லாவின் அறை நான்காவது மாடி. அந்தக் கட்டடமும் படங்களில் நன்றாக இருந்தது. கற்கள் அருகில் ஓடும் ஆற்றிலிருந்து எடுத்தவை. மின்தூக்கி பெரியது, வாசற்படி எதுவும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே பஸ் நிலையம். அதைப் பார்க்கட்டும் என்றுதான் அந்த அறையைக் கொடுத்தார்கள். பஸ்கள் அங்கே சமதரையில் வட்டமடித்தன.

ஜூனில் ஒரு ஞாயிறு துமாஷ் போயிருந்தான். பார்லாவின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. கேட்க அவன் குனிய வேண்டியிருந்தது.

"புல்லு அறுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. விஜெலி அடுத்த வாரம் வரேன்னான்."

"எவ்வளவு நிக்குது?"

துமாஷ் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

பார்லா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ சரியாத்தான் நட்டிருக்க" என்றாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போ. பஸ் போயிடும்."

அவன் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தான். ஓட்டியவன் புதியவன், மூன்றாவது வளைவை அகலமாகத் திருப்பினான், ஹாரன் அடிக்கவில்லை. புல்வெளியைத் தாண்டும்போது துமாஷ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, கைப்பிடிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, முதுகில் யாரும் இல்லாமலேயே குனிந்தபடி படியேறினான். திருப்பத்தில் வழக்கம்போல ஒரு கணம் நின்று, பாரத்தைச் சரிசெய்துகொண்டான்.